கோபுரம் என்னும் வாயில்

கோபுரம் என்ற சொல்லின் முதற்பொருள் கோட்டைவாயில். கோயில் முகப்பில் வானுயர நிற்கும் கட்டடத்துக்கு அது பின்னால் வந்த பெயர். ‘கோ’ அரசன், ‘புரம்’ ஊர், ஆகவே அரசனின் ஊர் என்று மேடைதோறும் பிரித்துக் காட்டுவது பெரும்பிழை. அச்சொல் ஓர் ஊரைக் குறித்த இடத்தை அப்படிப் பிரிப்போர் காட்டுவதில்லை.

அர்த்தசாத்திரம் கோபுரத்தைப் பேசுவது அரண் அமைக்கும் பகுதியில். உடும்பின் வாய் போன்ற வடிவில் அதைக் கட்டச் சொல்கிறது. அமரகோசம் தரும் பொருளும் நகரவாயிலே. கேரளத்தில் இன்றும் அப்பழம்பொருள் மாறவில்லை: திருச்சூர் வடக்குநாதர் கோயிலின் நான்கு கோபுரங்களும் சரிந்த கூரையுடைய வாயில்மாடங்கள்.

தமிழில் இப்பொருளுக்கு வாயில் என்ற சொல்லே போதுமானதாக இருந்தது. இல்லின் வாய் வாயில். இல்லின் முன் முன்றில் ஆனது போல. நெடுநல்வாடையின் அரண்மனை வாயில் மலையைக் குடைந்தாற்போன்றது, கொடியேந்திய யானை தடையின்றி நுழையும் உயரமுடையது. மதுரைக்காஞ்சி, ஓயாமல் ஆள் நடமாடும் நகரவாயிலுக்கு வையையாற்றை உவமை சொல்கிறது. சிலப்பதிகாரத்தின் அடைக்கலக் காதையில் மதிற்பொறிகளோடு எண்ணப்படும் எழுவும் கணையமும் வாயிலைத் தடுக்கும் மரங்கள்.

‘நிலை’ என்ற பக்கச்சொல் இன்னும் வலிய சான்று. கதவைத் தாங்கும் சட்டத்துக்கு நிலை என்று பெயர். தச்சர் இன்றும் நிலை வைப்பதாகவே சொல்வர். கோபுர அடுக்குக்கும் அதுவே பெயர். ஏழுநிலைக் கோபுரத்தை அண்ணாந்து பார்த்தால் ஒவ்வொரு நிலையின் நடுவிலும் ஒரு வாயில் திறப்பும், அதன் இருமருங்கும் துவாரபாலகரும் தெரிவர். வாயில்மேல் வாயிலாக அடுக்கியதே கோபுரம். கீழே பெருங்கதவில், ஒருவர் குனிந்து நுழையும் அளவுக்குத் திட்டிவாசல் இருக்கும். பெருங்கதவைத் திறக்காமல் ஆளை ஒவ்வொருவராக உள்ளே விடும் கோட்டைக் காவல் முறை அது.

தஞ்சைப் பெரியகோயிலின் இரு கோபுரங்களும் கேரளாந்தகன் திருவாசல், இராசராசன் திருவாசல் என்றே பெயர் பெற்றவை. மதுரைக் கோட்டைமதில் 1840களில் இடிக்கப்பட்டது. தெற்குவாசல் என்ற பெயர் இன்றும் நிற்கிறது.

வடமொழியில் ‘கோபன்’ பசுவைக் காப்பவன். வேதத்திலேயே அச்சொல் பொதுவாகக் காவலனையும் குறித்தது. கோபுரத்தை மாடு நுழையும் வாயில் என்பாரும் பசுவைக் குறிக்கும் ‘கோ’வோடு நின்றுவிட்டனர். கோபுரத்துக்கு வேர் இந்தக் காவற்பொருளாகலாம். அப்படியானால் ஊரைக் காக்கும் இடம் கோபுரம்.