‘அந்த நாளி’ல் தேசம் யாருடையது?

1950இல் பிரிட்டனில் ஒரு சின்னக் குற்றப் படம் வந்தது. அந்தோனி ஆஸ்க்வித் இயக்கிய ‘தி உமன் இன் கொஸ்சன்’. குறி சொல்லும் பெண் ஒருத்தி கொலையாகிறாள். போலீஸ் ஐந்து பேரை விசாரிக்கிறது. ஐந்து பேர் வாயிலும் ஐந்து விதமான பெண். அதே ஆண்டில்தான் குரோசவாவின் ‘ராஷோமோன்’. 1954 ஏப்ரலில் ஏவி.எம். வெளியிட்ட ‘அந்த நாள்’ பற்றிப் பேசுகிறவர்கள் ராஷோமோனைத்தான் இழுப்பார்கள். கௌரவமான வம்சாவளி அல்லவா! ஆனால் ராஷோமோனில் உண்மை சிதறியே கிடக்கிறது. எஸ். பாலசந்தரின் படத்திலோ சி.ஐ.டி. சிவானந்தம் அதைப் பொறுக்கிச் சேர்த்துக் கொடுத்துவிடுகிறார். ஆளுக்கொரு கதை சொல்லலாம், தீர்ப்பு மட்டும் போலீஸ்காரர் கையில் என்பது பிரிட்டிஷ் துப்பறியும் படத்தின் இலக்கணம். படத்தை எழுதிய ஜாவர் சீதாராமனே சிவானந்தமாகவும் வருகிறார் என்பது தற்செயலாக இருக்கலாம், பொருத்தமான தற்செயல்.

கதை நடப்பது 1943 அக்டோபரில், ஜப்பான் விமானம் சென்னையில் குண்டு போட்ட நேரத்தில். ரேடியோ என்ஜினியர் ராஜன் செத்துக் கிடக்கிறான். யார் கொன்றது? பாட்டே இல்லாமல் இந்தக் கேள்வியை வைத்தே படம் ஓடுகிறது. கடைசியில் தெரிகிறது: அவன் ஜப்பானுக்கு ரகசியம் விற்றவன், மனைவி உஷா கையிலிருந்த துப்பாக்கியால் செத்தவன். தேசத்துரோகி, கணக்கு முடிந்தது.

சரி, எந்த தேசம்? 1943இல் காந்தி ஆகா கான் மாளிகையில் கைதி. ‘வெள்ளையனே வெளியேறு’ என்றவர்கள் சிறையில். அவர்களை வேட்டையாடியதும் இதே சி.ஐ.டி.தான். 1943 செப்டம்பர் 10 அன்று சென்னை மத்திய சிறையில் நான்கு பேரைத் தூக்கில் போட்டார்கள்: வக்கம் அப்துல் காதர், அனந்தன், சத்யேந்திர சந்திர பர்தன், ஃபௌஜா சிங். பினாங்கில் பயிற்சி பெற்று உளவு வேலைக்காக வந்தவர்கள். காதரும் அனந்தனும் ஜப்பான் நீர்மூழ்கியில் வந்து மலபார் கரையில் இறங்கியவர்கள். இன்று அவர்கள் தியாகிகள். சென்னையில் குண்டு விழுந்த பத்தாம் நாள், அக்டோபர் 21இல், சிங்கப்பூரில் சுபாஷ் சந்திர போஸ் ஆசாத் ஹிந்த் அரசை அறிவித்தார். மலேயாத் தோட்டத் தமிழர்கள் அவர் படையில் சேர்ந்தார்கள்.

ராஜனும் காதரும் ஒன்று என்று சொல்ல வரவில்லை. ராஜன் விற்றான், காதர் உயிரைக் கொடுத்தார். ஜப்பான் ராணுவமும் யோக்கியமில்லை. சயாம்-பர்மா ரயில் பாதையில் பல்லாயிரம் தமிழ்க் கூலிகளைக் கொன்ற ராணுவம் அது. ராஜன்மீது குற்றப்பத்திரிகை எழுத இதுவே போதும். ஆனால் படத்துக்கு இந்தக் கூலிகள் தேவைப்படவில்லை. ‘தேசம்’ என்ற ஒரு சொல் போதுமாக இருந்தது. பிரிட்டிஷ் அரசின் ரகசியம், 1954இன் பார்வையாளனுக்கு அலுங்காமல் ‘நம்’ ரகசியம் ஆகிவிடுகிறது. கொடி மாறியது, ஃபைல் மாறவில்லை.

ராஜனாக நடித்தவர் நம்ம விழுப்புரத்துக்காரர். வி.சி. கணேசன் என்பதில் ‘வி’ விழுப்புரம்தான். விடுதலைப் போராட்டத்தில் சிறை சென்ற ரயில்வே தொழிலாளியின் மகன். விழுப்புரம், திண்டிவனம் பக்கம் சிவாஜி என்றால் கட்டபொம்மனையும் வ.உ.சி.யையும் சொல்வார்கள், ராஜனைச் சொல்கிறவர் குறைவு. மூன்றையும் அடுத்தடுத்து வைத்துப் பாருங்கள். 1799இல் கயத்தாற்றில் தூக்கிலிடப்பட்டவரும், 1908இல் 124ஏ பிரிவில் தண்டிக்கப்பட்டவரும் அன்றைய அரசின் கணக்கில் துரோகிகளே. அதே உடம்பு, அதே குரல். முதல் இருவருக்கும் நாம் அழுகிறோம், மூன்றாமவன் செத்ததும் எழுந்து போகிறோம். எந்த அரசு எழுதிய குற்றப்பத்திரிகை என்று மூன்றாமவன் விஷயத்தில் மட்டும் ஏன் கேட்பதில்லை?

கேட்டாக வேண்டியிருக்கிறது. 124ஏ இருந்த சட்டம் 2024 ஜூலை 1இல் போய்விட்டது. புதிய சட்டத்தில் 152ஆம் பிரிவு வந்து உட்கார்ந்திருக்கிறது. ராஜத்துரோகம் என்ற பெயர் அதில் இல்லை. பிரிவு என்னவானாலும், யார் துரோகி என்று முதலில் எழுதுவது இன்றும் சிவானந்தம்தான்.