வாத்தியார் கழுதையான கதை

பதிவு கொஞ்சம் நீளம். மழை நாளில் டீயோடு உட்கார்ந்து படியுங்கள்.

ஊட்டியின் விளையாட்டு வரலாற்றை யார் எழுதினாலும் முதல் வரியில் ஸ்நூக்கர் வந்துவிடும். 1875-ல் ஜபல்பூரில் நெவில் சேம்பர்லின் என்ற ராணுவ அதிகாரி தொடங்கிய ஆட்டம் அது. அதற்கான விதிகளை ஊட்டி கிளப்பில்தான் எழுதி மாட்டினார்கள். நமக்குப் பெருமைதான். ஆனால் அந்த கிளப்புக்குள் போய் ஆட நம் தாத்தாக்களுக்கு வழி இருக்கவில்லை. அதே காலத்திலும் அதற்குப் பிறகும் இந்த மலையில் லைன் வீட்டுத் திண்ணைகளில் ஆடிய ஆட்டங்களுக்கு யாரும் விதி எழுதி மாட்டவில்லை. அவற்றில் ஒன்றைப் பற்றித்தான் இன்று எழுதுகிறேன். அதன் பெயர் கழுதை.

தெரியாத பேரப்பிள்ளைகளுக்காக ஆட்ட முறையைச் சொல்லிவிடுகிறேன். 52 சீட்டையும் எல்லோருக்கும் பகிர்ந்துவிட வேண்டும். இஸ்பேடு ஆஸ் யார் கையில் இருக்கிறதோ அவர் அதை இறக்கித் தொடங்குவார். மற்றவர்கள் அதே ஜாதிச் சீட்டைப் போட வேண்டும். பெரிய சீட்டு போட்டவர் அடுத்த ஜாதியைத் தொடங்குவார். நடுவில் ஒருவரிடம் அந்த ஜாதி இல்லையென்றால் வேறு சீட்டைப் போட்டு வெட்டலாம். வெட்டு விழுந்ததும், அந்தச் சுற்றில் பெரிய சீட்டு போட்டவர் கீழே கிடப்பதையெல்லாம் அள்ளிக்கொள்ள வேண்டும். கை காலியானவர் தப்பித்தார். கடைசிவரை சீட்டோடு உட்கார்ந்திருப்பவர் கழுதை.

இதில் ஜெயித்தவர் என்று யாருக்கும் பட்டம் கிடையாது, தோற்றவருக்கு மட்டும்தான் பட்டம். கையில் ராஜாவும் ராணியுமாக வந்தால் சந்தோஷப்படவும் முடியாது, ஏனென்றால் பெரிய சீட்டுக்காரர் தலையில்தான் சுமை ஏறும். ஓரளவு ஞாபகசக்தி உதவும், மற்றதெல்லாம் கைக்கு வந்த அதிர்ஷ்டம். கேரளத்திலும் இதே ஆட்டம், இதே கழுதை. பஞ்சாபில் தோற்றவருக்கு ‘பாபி’ என்று பெயர், அதாவது அண்ணி. ரஷ்யாவில் ‘துராக்’ என்று ஓர் ஆட்டம் உண்டு. முறை வேறு என்றாலும் அதிலும் ஜெயித்தவர் இல்லை, கடைசியில் சீட்டோடு மிஞ்சுபவர் முட்டாள். உலகம் முழுக்க மனிதர்கள் ஒருவரையொருவர் செல்லமாகத் திட்டிக்கொள்ள ஒரு சாக்கு தேடியிருக்கிறார்கள்!

சரி, சீட்டுக்கட்டு நம்மிடம் எப்படி வந்தது? இரண்டு வழியாக வந்தது. ஒன்று தரைவழி. பாபர் 1527-ல் சிந்துவிலிருந்த ஷா ஹசனுக்கு ‘கஞ்சிஃபா’ சீட்டு அனுப்பியதைத் தம் நினைவுக் குறிப்பில் எழுதியிருக்கிறார். நம் கூடலூரிலிருந்து முதுமலை, பந்திப்பூர் காட்டைத் தாண்டினால் வரும் மைசூரில், மூன்றாம் கிருஷ்ணராஜ உடையார் புதுப்புதுச் சீட்டாட்டங்களையே வகுத்தார். கையால் வரைந்த, பெரும்பாலும் வட்டமான சீட்டுகள் அவை. அரண்மனையை விட்டு லைன் வீட்டுக்கு வரவில்லை.

நம் கைக்கு வந்தது கடல்வழிச் சீட்டு. போர்ச்சுகீசியரிடமிருந்து 1658-ல் நாகப்பட்டினத்தை டச்சுக்காரர்கள் பிடித்தார்கள். 1781 வரை அங்கே இருந்தார்கள். இலங்கைக் கடற்கரையில் 1796 வரை இருந்தார்கள். அவர்கள் போய்விட்டார்கள், சொற்கள் தங்கிவிட்டன. நாம் ‘ஆட்டின்’ என்பது டச்சு மொழியின் ஹார்ட்டன். ‘கிளாவர்’ அப்படியே டச்சுச் சொல். ‘துருப்பு’ அவர்களுடைய த்ரூஃப். ‘கடுதாசி’ போர்ச்சுகீசியத்திலிருந்து வந்தது. நாம் அதைக் கடிதத்துக்கு வைத்துக்கொண்டோம். இலங்கைத் தமிழர் காகிதத்தைக் ‘கடதாசி’ என்பார்கள், சீட்டாட்டத்தையும் கடதாசி விளையாட்டு என்பார்கள். இந்த ஒரு சொல்லை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், கதை அங்கேதான் வருகிறது.

1964 அக்டோபரில் சாஸ்திரியும் சிறிமாவோவும் ஓர் ஒப்பந்தம் செய்தார்கள். இலங்கை மலைத்தோட்டங்களில் தலைமுறைகளாக உழைத்த இந்திய வம்சாவளியினரில் 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு, மீதி 1,50,000 பேரைப் பற்றிப் பிறகு பேசுவது. பெரிய வீட்டில் சீட்டுப் பகிர்வது போலப் பகிர்ந்தார்கள். ஒரே குடும்பத்தில் அப்பா இந்தியா, மகள் இலங்கை என்று ஆனது. தலைமன்னாரிலிருந்து கப்பலில் ராமேஸ்வரம், பிறகு மண்டபம் முகாம், அங்கிருந்து எங்கெங்கோ. அவர்களில் பலருக்கு வேலை கொடுக்க அரசு 1968-ல் நீலகிரியில் தொடங்கிய தேயிலைத் திட்டம்தான் பிற்பாடு டான்டீ ஆனது. குன்னூர், கோத்தகிரி, கூடலூர், பந்தலூர் பக்கம் காடு திருத்தித் தேயிலை நட்டவர்கள் அவர்கள்.

1983-ல் நான் பந்தலூர் பக்கம் ஒரு பள்ளியில் இளம் ஆசிரியர். ஆசிரியர் பயிற்சி முடித்து வேலைக்கு வந்து சில வருடம்தான். கையில் பிரம்பு, வாயில் எப்போதும் ஒரே வசவு: “கழுதை!” அந்த வார்த்தையை வாங்காத மாணவர் என் வகுப்பில் யாராவது இருந்தால் கை தூக்கலாம்.

ஆகஸ்ட் மாதம், விடாத மழை. வகுப்பில் ஒரு பையன் எழுந்து, “சார், இவன் கடதாசி விளையாடுறான்” என்றான். கடுதாசியை வைத்து என்ன விளையாட்டு என்று எனக்குப் புரியவில்லை. போய்ப் பார்த்தால், பக்கத்துப் பையன் மடியில் பழைய சீட்டுக்கட்டு. எனக்குச் சீட்டு என்றாலே சூதாட்டம். சம்பள நாளன்று மூணு சீட்டில் கூலியைத் தொலைத்துவிட்டு வெறுங்கையோடு வீடு போனவர்களைப் பார்த்து வளர்ந்தவன் நான். 1967-ல் ரம்மி பெரும்பாலும் திறமை ஆட்டம், மூணு சீட்டைப் போல வெறும் அதிர்ஷ்ட ஆட்டமல்ல என்று உச்ச நீதிமன்றமே பிரித்துச் சொல்லியிருந்தது. நான் எதையும் பிரித்துப் பார்க்கவில்லை. கட்டைப் பிடுங்கி, சத்துணவு அடுப்பில் போட்டேன். பையன் அழவில்லை. அடுப்பையே பார்த்துக்கொண்டு நின்றான்.

மறுநாள் அவன் தாத்தா கொங்காணி போட்டுக்கொண்டு மழையில் வந்தார். சண்டைக்கு வந்திருக்கிறார் என்று நினைத்தேன். “வாத்தியார் ஐயா, பள்ளிக்கூடத்துக்கு எடுத்துட்டு வந்தது தப்புதான். புள்ளைய அடிச்சிராதீங்க” என்றார். போகும்போதுதான் சொன்னார். தலைமன்னாரில் கப்பல் ஏறிய அன்று, அங்கேயே தங்கிவிட்ட மூத்த மகள் வழிக்கு வாங்கிக் கொடுத்த கட்டு அது. கிளாவர் ஏழு தொலைந்துபோய், சிகரெட் அட்டையில் அவரே வெட்டி வரைந்து சேர்த்திருந்தாராம்.

அது எந்த மாதம் என்று கவனித்தீர்களா? ஜூலை 24 இரவு கொழும்பில் மூண்ட வன்முறை அந்த வாரத்திலேயே பதுளை, நுவரெலியா வரை பரவியிருந்தது. மகள் அந்தப் பக்கத்துத் தோட்டத்தில்தான் இருந்தாள். தகவல் இல்லை. ராத்திரி ரேடியோச் செய்தி முடிந்ததும் வீட்டில் யாருக்கும் தூக்கம் வராது. அந்த நேரத்தைத் தள்ளத்தான் குடும்பமே உட்கார்ந்து கழுதை ஆடியிருக்கிறது. அந்தக் கட்டைத்தான் நான் எரித்திருந்தேன்.

அந்தச் சனிக்கிழமை கூடலூர் போய்ப் புதுக் கட்டு ஒன்று வாங்கி, அவர்கள் லைனுக்குப் போனேன். அவர்கள் அதை ‘லயம்’ என்பார்கள். மன்னிப்பு என்ற வார்த்தை வாயில் வரவில்லை, கட்டை மட்டும் நீட்டினேன். பெரியவர் வாங்கிப் பிரித்து, “உக்காருங்க ஐயா, ஒரு கை ஆடுவோம்” என்றார். பாட்டி சாயத்தண்ணி கொடுத்தார். எனக்கு வந்த சீட்டெல்லாம் ராஜா, ராணி, ஆஸ். பையன் வெட்டிக்கொண்டே இருந்தான், நான் அள்ளிக்கொண்டே இருந்தேன். கடைசியில் எல்லோரும் கை காலியாக, நான் மட்டும் இரண்டு கையிலும் சீட்டோடு உட்கார்ந்திருந்தேன். யாரும் அந்த வார்த்தையைச் சொல்லவில்லை, வாத்தியார் அல்லவா? நானே சொன்னேன்: “நான்தான் கழுதை.” அந்த வீட்டில் பல நாள் கழித்து அன்றுதான் சிரிப்புச் சத்தம் கேட்டதாகப் பாட்டி சொன்னார்.

புரட்டாசியில் மகளிடமிருந்து கடுதாசி வந்தது. உயிரோடு இருக்கிறேன், லயம் எரிந்துவிட்டது என்று எழுதியிருந்தாள். பையன் அதை வகுப்புக்கே எடுத்து வந்து என்னிடம் காட்டினான்.

அதன் பிறகு எந்தப் பிள்ளையையும் அந்த வார்த்தையால் நான் திட்டியதில்லை. 1983-க்கு முன் வாங்கியவர்கள் என்னை மன்னிக்கவும். காசு வைத்து ஆடாதீர்கள். செல்போனில் முகம் தெரியாதவர்களோடும் ஆடாதீர்கள். அடுத்த முறை மழையில் கரண்ட் போகும்போது ஒரு கட்டைப் பிரித்து, வீட்டில் எல்லோரும் வட்டமாக உட்காருங்கள்.

அந்தப் பையன் இப்போது ஐம்பதைத் தாண்டியிருப்பான். தம்பி, இதைப் படித்தால் ஒரு நாள் வீட்டுக்கு வா. கட்டு வாங்கி வைத்திருக்கிறேன், கிளாவர் ஏழும் இருக்கிறது.

அன்புடன்,
உங்கள் பழைய வாத்தியார்