எண்ணினார்கள், சொல்லவில்லை

போன மழைக்குப் பிறகு லக்கல பக்கம் ஒரு கிராமத்துக்கு நிவாரணம் கொடுத்த ஓர் அமைப்பு, கொடுத்தது போய்ச் சேர்ந்ததா என்று பார்க்க கம்பஸ் பிள்ளைகள் சிலரைச் சேர்த்துக்கொண்டது. நானும் போனேன். கையில் ஒரு டெப், அதில் வரிசையாகக் கேள்விகள். ஓர் ஆச்சி வாசலில் வாங்கு போட்டு உட்கார வைத்தார். எனக்குத் தெரிந்த அரைகுறைச் சிங்களத்தில் கேட்டேன். அரிசி கிடைத்ததா? கிடைத்தது. பருப்பு, மீன் டின்? கிடைத்தது. ஒன்றிலிருந்து ஐந்து வரை எவ்வளவு திருப்தி? கொஞ்சம் யோசித்துவிட்டு நாலு என்றார். பிறகு அவர் ஒரு கேள்வி கேட்டார்: "துவே, எங்கட கிணறு முழுக்கச் சேறு. அதை எங்க எழுதுற?"

எழுத இடமே இல்லை. நாலு என்று பதிந்துவிட்டு அடுத்த வீட்டுக்குப் போனேன்.

திரும்பி வரும் வழியில் களுகங்கை நீர்த்தேக்கம் தெரிந்தது. அதற்காகத்தான் பழைய லக்கல-பல்லேகம நகரத்தையே இடம் மாற்றினார்கள். அளக்கிறவர்களும் படிவம் நிரப்புகிறவர்களும் இந்தச் சனங்களுக்குப் புதிதில்லை. ஆனால் எனக்கு அந்தக் கிணறு மனதில் நின்றுவிட்டது. உதவி செய்கிறவர்கள் தங்கள் வேலையைத் தாங்களே எப்படி அளக்கிறார்கள்? இந்தப் பழக்கம் எங்கிருந்து வந்தது? வரலாறு படிக்கிற பிள்ளை என்பதால் தேடிப் பார்த்தேன். தேடல் ருவண்டாவில் தொடங்கி வன்னியில் வந்து நின்றது.

என்ஜிஓ பாசையில் இரண்டு சொல் இருக்கிறது. வேலை நடக்கும்போதே பார்ப்பது கண்காணிப்பு. முடிந்த பிறகு உட்கார்ந்து நல்லது கெட்டது சொல்வது மதிப்பீடு. 1991இல் பணக்கார நாடுகளின் அபிவிருத்தி உதவிக் குழு இதற்கு ஐந்து அளவுகோல்களை வைத்தது: பொருத்தம், பயன்விளைவு, சிக்கனம், தாக்கம், நிலைத்திருத்தல். 2019இல் இசைவு என்பதையும் ஆறாவதாகச் சேர்த்தார்கள். அந்தக் குழு உதவி கொடுக்கிற நாடுகளின் குழு. வாங்குகிறவருக்கு அந்த மேசையில் கதிரை இருக்கவில்லை.

1994இல் ருவண்டாவில் இனப்படுகொலை நடந்தது. அதன் பின் எல்லை தாண்டி கோமாவுக்கு ஓடிய அகதிகளில் ஏறத்தாழ 50,000 பேர் ஒரு மாதத்துக்குள் வாந்திபேதி போன்ற நோய்களால் செத்துப்போனார்கள். உதவி அமைப்புகள் அங்கே குவிந்திருந்தும் இது நடந்தது. டென்மார்க் முன்கை எடுக்க, பல நாடுகளும் அமைப்புகளும் சேர்ந்து ஒரு கூட்டு மதிப்பீடு செய்தன. 1996இல் வந்த அந்த அறிக்கையின் முக்கியமான முடிவு: அரசியல் ரீதியாகச் செய்ய வேண்டியதைச் செய்யாமல், அதற்குப் பதிலாக நிவாரணத்தை வைக்க முடியாது.

அந்த அறிக்கை வீண்போகவில்லை. 1997இல் ஸ்பியர் திட்டம் தொடங்கியது. ஓர் அகதிக்கு ஒரு நாளைக்கு எத்தனை லீற்றர் தண்ணீர், எத்தனை பேருக்கு ஒரு மலசலகூடம் என்றெல்லாம் குறைந்தபட்ச அளவுகள் வந்தன. அதே ஆண்டில், கற்ற பாடங்களைப் பகிர்ந்துகொள்ள அல்னாப் என்ற வலையமைப்பும் உருவானது. இன்று முகாம்களில் தண்ணீர்த் தாங்கியை அளந்து வைக்கிறார்கள் என்றால் அதற்குப் பின்னால் கோமாவின் பிணங்கள் இருக்கின்றன. ஆகவே, மதிப்பீடு எல்லாம் சும்மா கண்துடைப்பு என்று சொல்ல நான் வரவில்லை.

அடுத்தது நம் கரை. 2004 டிசம்பர் 26 சுனாமியில் இலங்கையில் மட்டும் 30,000 பேருக்கு மேல் இறந்தார்கள். பணம் வெள்ளமாக வந்தது. நாற்பதுக்கும் மேற்பட்ட அமைப்புகள் சேர்ந்து சுனாமி மதிப்பீட்டுக் கூட்டணியை அமைத்து, 2006இல் தொகுப்பு அறிக்கையை வெளியிட்டன. பாதிக்கப்பட்ட ஒருவருக்கு 7,100 டொலருக்கு மேல் வந்திருந்தது. அதே 2004இல் பங்களாதேஷ் வெள்ளத்தில் பாதிக்கப்பட்டவருக்கு வந்தது 3 டொலர். தேவை எவ்வளவோ அதற்கேற்ப உதவி என்பது பேச்சளவில்தான் என்று இதைவிடத் தெளிவாகக் காட்ட முடியாது.

அந்த அறிக்கை இன்னொன்றும் சொன்னது. முதல் சில நாட்களில் உயிர்களைக் காப்பாற்றியது பெரும்பாலும் பக்கத்து வீட்டுக்காரர்களும் பக்கத்து ஊர்க்காரர்களும்தான். பிறகு வந்த பெரிய அமைப்புகள் அவர்களைப் பின்னுக்குத் தள்ளிவிட்டன. ஆகவே வேலையின் உரிமையைப் பாதிக்கப்பட்டவர்களிடம் கொடுங்கள் என்று பரிந்துரைத்தார்கள். நல்ல பரிந்துரை. அது வெளியாகி மூன்று வருடங்களுக்குள் முள்ளிவாய்க்கால்.

இந்த இடத்தில் கதை மாறுகிறது. 2008 செப்டம்பரில், பாதுகாப்புக்கு உத்தரவாதம் தர முடியாது என்று அரசாங்கம் சொன்னதும் ஐ.நா. கிளிநொச்சியை விட்டு வெளியேறியது. போகவேண்டாம் என்று சனம் வாசலில் நின்று கெஞ்சியது. உள்ளே எத்தனை பேர் என்பதில் தொடங்கியது பிரச்சினை. 2009 தொடக்கத்தில் அரசாங்கம் 70,000 என்றது. கடைசியில் முகாம்களுக்கு வந்து சேர்ந்தவர்கள் ஏறத்தாழ 2,90,000 பேர். தலைக்கணக்குத்தான் எத்தனை மூட்டை மா, எத்தனை பெட்டி மருந்து என்பதை முடிவு செய்கிறது. கணக்கு பிழைத்தால் பட்டினி.

அப்போ கண்காணிப்பு நடக்கவில்லையா? நடந்தது. ஐ.நா.வின் கொழும்பு அலுவலகத்தில் ஒரு சிறு குழு, வன்னிக்குள் இருந்தவர்களிடமிருந்து தகவல் எடுத்து, சரிபார்த்து, இறந்தவர்களைக் கணக்கெடுத்துக்கொண்டிருந்தது. 2008 ஓகஸ்டிலிருந்து 2009 மே 13 வரை 7,721 பேர் கொல்லப்பட்டார்கள், 18,479 பேர் காயப்பட்டார்கள் என்பது அவர்களின் கணக்கு. உண்மையான தொகை இதைவிட மிக அதிகமாக இருக்கலாம். 40,000 வரை போகலாம் என்று 2011இல் ஐ.நா. நிபுணர் குழு சொன்னது. நம்மைத் தடுத்து நிறுத்த வேண்டிய விசயம், அந்த 7,721ஐ ஐ.நா. அப்போது பகிரங்கமாக வெளியிடவில்லை என்பது.

ஏன்? அதைச் சொன்னதும் ஐ.நா.வே செய்த ஒரு மதிப்பீடுதான். சார்ள்ஸ் பெட்ரி தலைமையிலான உள்ளக மீளாய்வு 2012 நவம்பரில் வெளியானது. பேசினால் உள்ளே போக விடமாட்டார்கள், ஆகவே பேசாமல் இருப்போம் என்ற பேரம் ஒரு கலாசாரமாகவே இருந்தது என்கிறது அது. கொலைகளைத் தடுப்பது தங்கள் பொறுப்பு என்று கொழும்பிலிருந்த மூத்த அதிகாரிகள் பலர் நினைக்கவே இல்லை. 2009 மார்ச்சில் மனித உரிமை ஆணையாளர் நவி பிள்ளை 2,800 பேருக்கு மேல் கொல்லப்பட்டிருக்கலாம் என்று அறிக்கை விட இருந்தபோது, அதை மென்மையாக்கச் சொல்லி உள்ளேயிருந்தே அழுத்தம் வந்தது. புலிகள் சனத்தை வெளியேற விடாமல் தடுத்ததையும் கட்டாய ஆட்சேர்ப்பையும் அறிக்கை மறைக்கவில்லை. ஆனால் அரசாங்கத்தின் ஷெல் வீச்சைப் பற்றி ஐ.நா. வாய் திறக்கவில்லை என்பதை அழுத்தமாகச் சொல்கிறது. அமைப்பு முழுவதன் தோல்வி என்பது அதன் முடிவு. வெளியிட்ட பிரதியில் சில பகுதிகள் கறுப்படிக்கப்பட்டிருந்தன.

அதற்குப் பிறகு 2013இல் 'மனித உரிமைகளுக்கு முதலிடம்' என்ற புது முயற்சி தொடங்கியது. 2014இல் உதவி அமைப்புகள் சேர்ந்து ஒன்பது கடப்பாடுகள் கொண்ட ஒரு பொதுத் தரநிலையை எழுதின. முறைப்பாடு சொல்லும் உரிமையும் அதில் இருக்கிறது. 2017இல் மியன்மாரில் ரோஹிங்யாக்கள் துரத்தப்பட்டார்கள். 2019இல் கெர்ட் ரோசென்தால் எழுதிய அறிக்கை வந்தது. முடிவு? மறுபடியும் அமைப்பு முழுவதன் தோல்வி.

இந்த அறிக்கைகளை எழுதியவர்கள் பொய் எழுதவில்லை. வெளியிலிருந்து நாம் திட்டுவதைவிடக் கடுமையாகவே தங்களைத் திட்டியிருக்கிறார்கள். ஆனால் 'அமைப்பு முழுவதன் தோல்வி' என்றால் ஒருவரும் வீட்டுக்குப் போகத் தேவையில்லை. பாதிக்கப்பட்ட சனத்திடம் போய், "நாங்கள் எழுதியது இதுதான், சரியா?" என்று கேட்கிற கட்டாயமும் இல்லை. கணக்கு எப்போதும் மேலே போகிறது: காசு கொடுத்தவருக்கு, தலைமையகத்துக்கு. தண்ணீர்த் தாங்கியை அளக்கும் பாடம் கோமாவிலிருந்து நிலைத்துவிட்டது, ஏனென்றால் அதனால் எந்த அரசாங்கமும் கோபப்படாது. வாய் திறக்க வேண்டும் என்ற பாடம் மட்டும் ஒவ்வொரு முறையும் புதிதாகக் கற்கப்படுகிறது.

லக்கலவில் நான் பதிந்த அந்த நாலும் மேலே போயிருக்கும். யாரோ ஒரு வரைபடத்தில் பச்சை நிறக் கட்டமாக ஆகியிருக்கும். வன்னியையும் ஒரு கிணற்றையும் ஒரே தராசில் வைக்கவில்லை. ஆனால் தெரிந்ததைப் படிவத்துக்கு வெளியே விட்டுவிட்டு நகர்வது எவ்வளவு சுலபம் என்பது எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. நானும் அதைத்தானே செய்தேன்.

நம்மில் நிறையப் பேர் இனி இந்த வேலைகளுக்குத்தான் போகப்போகிறோம். டெப்பைத் தரும்போதே மூன்று கேள்வி கேட்போம். சனம் சொல்ல நினைப்பதை எழுத இடம் இருக்கிறதா? முடிவு அவர்களுடைய மொழியில் அவர்களிடம் திரும்பி வருமா? பிழை என்று வந்தால் யார் பதில் சொல்வது? ஆச்சியின் கிணற்றைப் பற்றி ஒரு பக்கத்தில் தனியாக எழுதி அந்த அமைப்புக்கு அனுப்பியிருக்கிறேன். பதில் வந்தால் அதை அவரிடம் கொண்டுபோய் வாசித்துக் காட்ட வேண்டும். வராவிட்டாலும் போய்ச் சொல்ல வேண்டும்.