‘கிரேஸி’: நாலு மணி நேரத்தில் முடியாத பாட்டு

ராத்திரி கோடு எழுதும்போது என் ஹெட்போனில் அடிக்கடி ஓடுவது ‘கிரேஸி’. அமெரிக்க கன்ட்ரி இசையின் புகழ்பெற்ற காதல் பாட்டு. எழுதியவர் வில்லி நெல்சன்; பாடியவர் பேட்ஸி க்ளைன்.

1961 ஜூனில் நாஷ்வில்லில் நடந்த கார் விபத்தில் பேட்ஸிக்குப் பலத்த அடி. ஆகஸ்டில் ஊன்றுகோலோடு ஸ்டுடியோவுக்கு வந்தார். விலா எலும்பு வலியில் மேல் ஸ்வரங்கள் எட்டவில்லை. வில்லியின் மாதிரிப் பதிவிலோ குரல் தாளத்துக்குச் சற்றுப் பின்னாலேயே வரும். அதைப் பிடிக்கப் போய் நாலு மணி நேரம் போச்சு. அந்தக் காலத்தில் மூணு மணி நேரத்தில் நாலு பாட்டு முடிக்கிற ஊர் அது!

தயாரிப்பாளர் ஓவன் பிராட்லி வாத்தியங்களை மட்டும் டேப்பில் வைத்துக்கொண்டு அவரை வீட்டுக்கு அனுப்பினார். சில வாரம் கழித்துத் திரும்பி வந்த பேட்ஸி, அந்த டேப்புக்கு மேல் தன் பாணியிலேயே பாடினார். ஒரே டேக்கில் முடிந்தது என்பார்கள். கன்ட்ரி பட்டியலில் 2-ஆம் இடம், பாப் பட்டியலில் 9.

1962-இல் வில்லியும் தன் முதல் ஆல்பத்தில் இதைப் பாடினார். இரண்டையும் அடுத்தடுத்துக் கேளுங்க. அவர் தனக்குத்தானே பேசிக்கொள்கிறார். பேட்ஸி நம்மிடம் சொல்லி அழுகிறார். வில்லியைத் துரத்துவதை விட்ட பிறகுதான் பாட்டு பேட்ஸியுடையதாச்சு. 1963 மார்ச்சில் விமான விபத்தில் இறந்தபோது அவருக்கு வயது 30.