நெல்லுச்சோறும் குதிரைவாலியும்: காரியாபட்டி வட்டாரத்தில் இடம் மாறிய தானியங்கள்

அரிசிக்குப் பதிலாகக் குதிரைவாலியைப் போடலாம் என்று இன்றைய சமையல் குறிப்புகள் சொல்கின்றன. விருதுநகர் மாவட்டத்தின் காரியாபட்டி, திருச்சுழி, அருப்புக்கோட்டை வட்டாரத்தில் இரண்டு மூன்று தலைமுறைக்கு முன்பு நிலைமை நேர்மாறாக இருந்தது. அன்றாடம் உலையில் வெந்தவை குதிரைவாலி, கம்பு, சோளம். காசு கொடுத்துத் தேடி வாங்க வேண்டியதாக இருந்தது அரிசிதான். அதைப் பொங்கினால் 'நெல்லுச்சோறு' என்று தனிப் பெயர் சொன்னார்கள். தீபாவளி, பொங்கல், கல்யாண வீடு, விருந்தாளி வரும் நாள் என்று அதற்கு நாள் கணக்கும் இருந்தது.

காரணம் மண்ணும் மழையும். குண்டாறு ஓடினாலும் அது ஆண்டு முழுவதும் நீர் தரும் ஆறு அல்ல. கண்மாய் நிறைந்த ஆண்டில் அதன் பாசனத்தில் மட்டும் நெல் விளையும். மற்ற புஞ்சையெல்லாம் வானத்தை நம்பியது. புரட்டாசி, ஐப்பசியில் விதைத்தால் வடகிழக்குப் பருவமழையிலேயே வளர்ந்து, ஏறக்குறைய நூறு நாளில் குதிரைவாலி அறுவடைக்கு வந்துவிடும். பிந்திய மழை பொய்த்தாலும் ஓரளவு கதிர் கிடைக்கும்.

விளைவது எளிது, அரிசியாக்குவதுதான் பாடு. மணி மிகச் சிறியது, உமி இறுகப் பற்றியது. உரலில் போட்டு உலக்கையால் குத்தி, சுளகில் புடைத்து, மறுபடி குத்த வேண்டும். வீட்டுப் பெண்கள் விடியுமுன் எழுந்து இதைச் செய்தார்கள். குதிரைவாலி மறைந்த கதையைச் சொல்பவர்கள் இந்த உழைப்பை மறந்துவிடுகிறார்கள். நெல்லுச்சோறு வந்தபோது மகிழ்ந்தவர்களை நாக்கு ருசிக்கு அடிமையானவர்கள் என்று பேசுவது நியாயமில்லை.

1942இல் ஜப்பானியர் ரங்கூனைக் கைப்பற்றியதும் சென்னை மாகாணத்துக்கு வந்துகொண்டிருந்த பர்மா அரிசி நின்றுபோனது. தொடர்ந்து பங்கீட்டு முறை வந்தது. அரிசியே உணவு என்று பழகிய நகரத்து வீடுகள் கோதுமையை எப்படிச் சமைப்பது என்று திகைத்தன. வீட்டுக் குதிருக்குள் சொந்தத் தானியம் இருந்த கரிசல் குடும்பத்துக்கு அந்தத் திகைப்பு குறைவு. 1952இல் ராஜாஜி முதலமைச்சராக இருந்தபோது உணவு தானியக் கட்டுப்பாடு நீக்கப்பட்டது.

பிறகு அரிசி மெல்ல மெல்ல ஊருக்குள் வந்தது. மின்சாரத்தோடு வந்த அரவை ஆலைகள் நெல்லுக்கு ஏற்றவை. குதிரைவாலியை உமி நீக்கித் தரும் இயந்திரம் பக்கத்தில் கிடைக்கவில்லை. 1982இல் எம்.ஜி.ஆர். அரசின் சத்துணவுத் திட்டம் பள்ளிப் பிள்ளைகளுக்கு மதியம் அரிசிச் சோறு போட்டது. 2008 செப்டம்பரில் ரேஷன் கடையில் கிலோ அரிசி 1 ரூபாய் ஆயிற்று. 2011 ஜூன் முதல் விலையில்லாமலே கிடைத்தது. பசித்த வீட்டுக்கு இது பெரிய காரியம். ஆனால் ரேஷன் அரிசி பையில் இருக்கும்போது, உரலை இழுத்துப்போட்டுக் குதிரைவாலி குத்த யாருக்கு மனம் வரும்? புஞ்சைகளில் பருத்தி, மிளகாய், மக்காச்சோளம் ஏறின. தரிசில் சீமைக்கருவேலம் ஏறியது.

2018இல் மத்திய அரசு சிறுதானியங்களை 'சத்துமிகு தானியங்கள்' என்று அறிவித்தது. ஐ.நா. 2023ஐச் சிறுதானிய ஆண்டாக்கியது. இப்போது பாக்கெட்டில் வரும் குதிரைவாலி அரிசி, சாதாரண அரிசியைவிட விலை கூடுதல். விதைத்த ஊரிலேயே அதைக் கடையில் தேட வேண்டியிருக்கிறது.

கிடைத்தவர்கள் கையாளுவது கடினமல்ல. ஒரு பங்குக்கு இரண்டு முதல் இரண்டரைப் பங்கு தண்ணீர் போதும். அரிசியைவிடச் சீக்கிரம் வேகும், கவனிக்காவிட்டால் குழையும். இட்லிக்கு நான்கு பங்கு குதிரைவாலி, ஒரு பங்கு உளுந்து, கொஞ்சம் வெந்தயம் என்று ஊறப்போடலாம். சூட்டோடு சாப்பிடுவது நல்லது, ஆறினால் சோறு விறைத்துப்போகும். முன்பு மிஞ்சியதில் தண்ணீர் ஊற்றி வைத்து மறுநாள் காலை மோரும் வெங்காயமும் சேர்த்துக் கரைத்துக் குடித்ததற்கு இதுவும் ஒரு காரணம்.

குதிரைவாலி கிடைக்காத ஊரில் சாமை அதன் இடத்தைப் பெரும்பாலும் நிரப்பும். வரகுக்குத் தண்ணீரும் நேரமும் சற்றுக் கூட வேண்டும். வடஇந்திய நகரங்களில் வாழும் தமிழர்கள் நவராத்திரி சமயத்தில் மளிகைக் கடையில் 'வ்ரத் கே சாவல்' என்று கேட்கலாம். அங்கே விரத நாளில் அரிசியைத் தவிர்ப்பவர்கள் அதற்குப் பதிலாகச் சமைப்பது குதிரைவாலி இனத்துத் தானியத்தைத்தான்.