பதினைந்து ரூபாய் அறையும் சிங்காநல்லூர் ஸ்டுடியோவும்

சூலூரில் கோவை பஸ் ஏறினால் திருச்சி ரோட்டில் ஒண்டிப்புதூர், சிங்காநல்லூர், ராமநாதபுரம் என்று ஒவ்வொன்றாக வந்துகொண்டே இருக்கும். தமிழ் சினிமாவைப் பின்னாளில் ஆளப்போகிற பலர் 1940களில் இந்தச் சாலையை ஒட்டித்தான் வாடகைக்குக் குடியிருந்தார்கள். அன்றைக்கு அவர்களில் பெரும்பாலோரை ஊரில் யாருக்கும் தெரியாது.

சினிமா கோவைக்குப் புதிதல்ல. ரயில்வேயில் வேலை பார்த்த சாமிக்கண்ணு வின்சென்ட் 1905இல் படக்கருவி வாங்கி ஊர் ஊராகக் கொட்டகை போட்டவர். 1914இல் வெரைட்டி ஹால் தியேட்டரைக் கட்டினார். 1930களில் பைக்காரா மின்சாரம் வந்தது, மில்கள் பெருகின. பஞ்சாலையில் சேர்ந்த பணத்தில் ஒரு பங்கு சினிமாவுக்குப் போனது. பி. ரங்கசாமி நாயுடுவும் கூட்டாளிகளும் சிங்காநல்லூரில் சென்ட்ரல் ஸ்டுடியோவைத் தொடங்கினார்கள். அதிலிருந்து பிரிந்து எஸ்.எம். ஸ்ரீராமுலு நாயுடு 1945இல் பட்சிராஜா ஸ்டுடியோவை நிறுவினார்.

அந்தக் காலத்து ஸ்டுடியோ ஒரு மில் மாதிரிதான் நடந்தது. எழுத்தாளர், நடிகர், வாத்தியக்காரர் எனப் பலருக்கும் மாதச் சம்பளம். தொகை பெரிதில்லை. ஆனால் சுற்றிலும் மில் தொழிலாளிகளை நம்பிக் கட்டிய லைன் வீடுகள், சிறு வாடகை வீடுகள், மலிவான மெஸ்கள். சின்னச் சம்பளத்தில் குடும்பம் நடத்திவிடலாம். வேலை முடிந்தால் நடந்தே வீடு திரும்பலாம். பெயர் வாங்காத கலைஞனுக்கு இதைவிடப் பெரிய உதவி வேறில்லை.

ஈரோட்டில் 'குடிஅரசு' இதழில் பணியாற்றிய மு. கருணாநிதி, ஜூபிடர் பிக்சர்ஸ் சென்ட்ரல் ஸ்டுடியோவில் எடுத்த 'ராஜகுமாரி'க்கு வசனம் எழுதச் சிங்காநல்லூர் வந்து வாடகை வீட்டில் குடியேறினார். அப்போது அவருக்கு வயது இருபதுகளின் தொடக்கம். 1936 முதல் சிறு வேடங்களில் நடித்துக்கொண்டிருந்த எம்.ஜி.ஆர். கதாநாயகனானது 1947இல் வெளிவந்த இந்தப் படத்தில்தான். ராமநாதபுரத்தில் உடற்பயிற்சிக்கூடம் நடத்திய சாண்டோ சின்னப்பா தேவர் அதில் அவரோடு சண்டைக் காட்சியில் மோதினார். அக்கம்பக்கத்தில் வளர்ந்த அந்த நட்பு, 1956இல் தேவர் பிலிம்ஸின் முதல் படமான 'தாய்க்குப்பின் தாரம்' ஆனது. ஜூபிடரில் எடுபிடி வேலைக்குச் சேர்ந்த எம்.எஸ். விஸ்வநாதன், எஸ்.எம். சுப்பையா நாயுடுவின் இசைக்கூடத்தில் கேட்டுக் கேட்டே தொழில் கற்றார். கண்ணதாசனின் முதல் திரைப்பாட்டு 1949இல் இதே ஜூபிடரின் 'கன்னியின் காதலி'க்காக எழுதியது.

1950களில் தொழில் சென்னையில் குவிந்தது. ஜூபிடர் அங்கே போனது. கோவை ஸ்டுடியோக்கள் காலப்போக்கில் மூடப்பட்டன.

கலை கற்க விரும்பிய கொங்குப் பிள்ளைகளும் சென்னைக்குத்தான் போக வேண்டியிருந்தது. சூலூரை அடுத்த காசிகவுண்டன்புதூரில் பிறந்து, கைக்குழந்தையிலேயே தந்தையை இழந்து, சூலூரில் பள்ளி முடித்த பழனிசாமி 1958இல் ஓவியம் படிக்க ரயில் ஏறினார். புதுப்பேட்டையில் மாதம் 15 ரூபாய் வாடகைக்கு ஓர் அறை. சாப்பாடு, வண்ணம், தாள், ஊர் ஊராகப் போய் வரைவது எல்லாம் சேர்த்து ஏழு ஆண்டுகளில் செலவானது ஏறக்குறைய 7,500 ரூபாய் என்று அவரே மேடைகளில் கணக்குச் சொல்லியிருக்கிறார். கோயில் கோபுரங்களையும் தெருக்களையும் நாள் முழுக்க உட்கார்ந்து வரைய அந்தச் சிறு வாடகை இடம் கொடுத்தது. 1965இல் 'காக்கும் கரங்கள்' படத்தில் நடிகர் சிவகுமாராக அறிமுகமானவர் அவர்தான்.

அவர் படித்த ஓவியக் கல்லூரியின் முதல்வர் கே.சி.எஸ். பணிக்கருக்கும் இடம் பற்றிய கவலை இருந்தது: படிப்பு முடிந்ததும் மாணவர்கள் எங்கே தங்கி வரைவார்கள்? கைவினைப் பொருள்களையும் பாத்திக் துணிகளையும் விற்றுச் சேர்த்த பணத்தில், 1966இல் ஈஞ்சம்பாக்கம் கடலோரத்தில் நிலம் வாங்கிச் சோழமண்டலம் கலைக் கிராமத்தை அவரும் மாணவர்களும் உருவாக்கினார்கள். ஆளரவமற்ற மணல்வெளி என்பதால்தான் அவர்களால் அதை வாங்க முடிந்தது. இன்று கிழக்குக் கடற்கரைச் சாலையில் அதே இடத்தில் ஒரு மனை வாங்க எந்த இளம் ஓவியராலும் முடியாது.

கலைஞர்களுக்கு மலிவான இடம் தர, கோவைக்கு இன்னும் ஒரு வாய்ப்பு இருக்கிறது. தேசிய பஞ்சாலைக் கழகத்தின் பங்கஜா, கம்போடியா முதலான மில்கள் 2020 பொதுமுடக்கத்தோடு நின்றுபோயின. முதல் உரிமை தொழிலாளர்களுக்கு; அவர்களுக்குச் சேரவேண்டியது தீர்ந்தாக வேண்டும். அதன்பின் அந்த இடங்களின் எதிர்காலத்தை முடிவு செய்யும்போது, முழுவதையும் ஏலத்துக்கு விடாமல் சில கூடங்களையாவது மாநகராட்சியோ அரசோ தன்வசம் வைத்துக்கொண்டு ஓவியர்களுக்கும் நாடகக் குழுக்களுக்கும் ஒயிலாட்ட ஆசான்களுக்கும் சொற்ப வாடகைக்குத் தரலாம். சூலூரிலிருந்து ஒரு பிள்ளை ஒரே பஸ்ஸில் அங்கே வந்து பயின்றுவிட்டு, இரவுக்குள் வீடு திரும்பலாம்.