மெடிச்சியரின் நகரில்

ஐரோப்பிய மறுமலர்ச்சியைப் பற்றிப் படிக்கத் தொடங்கும் எவரும் மெடிச்சி என்ற குடும்பப் பெயரைச் சந்திக்காமல் இருக்க முடியாது. புருனெல்லெஸ்கி, டொனதெல்லோ, பொத்திச்செல்லி, மைக்கலாஞ்சலோ என நாம் போற்றும் கலைஞர் பலரின் வரலாற்றில் அப்பெயர் எங்கேனும் ஓரிடத்தில் வந்தே தீரும். இளமையில் நானும் அக்குடும்பத்தின்மீது மையல் கொண்டவன்தான். மன்னராகப் பிறவாத வணிகர் சிலர் தம் பொருளைக் கலைக்கும் கல்விக்கும் வாரி வழங்கினர் என்ற கதை எந்த இளைஞனைத்தான் கவராது? பல்லாண்டுகள் கழித்துப் புளோரன்ஸ் நகருக்குச் சென்று அவர்களுடைய மாளிகைகளையும் சமாதிகளையும் நேரிற் காணும் வாய்ப்புக் கிட்டியது. அந்தக் கதையில் விடுபட்டுப்போன மனிதரைப் பற்றி அங்கேதான் சிந்திக்கலானேன்.

மெடிச்சியரைத் தேடிச் செல்பவன் முதலிற் காணவேண்டிய இடம் சான் லொரென்சோ தேவாலயம். அது அவர்களுடைய குடும்பக் கோயில். அதன் முகப்பு இன்றும் முற்றுப்பெறாமல் கரடுமுரடான வெறுஞ்சுவராகவே நிற்கிறது. உள்ளே, புருனெல்லெஸ்கி கட்டிய அழகிய மண்டபமொன்றில் ஜியோவன்னி டி பிச்சி துயில்கிறான். 1397ஆம் ஆண்டில் மெடிச்சி வங்கியை நிறுவியவன் அவனே. காலப்போக்கில் அவ்வங்கி ரோமாபுரி, வெனிஸ், ஜெனீவா, புரூஜஸ், இலண்டன் முதலிய நகரங்களிற் கிளை பரப்பியது. வட்டி வாங்குதல் பாவமெனத் திருச்சபை விலக்கியிருந்த காலம் அது. ஆகவே, ஒரு நகரில் ஒரு நாணயத்திற் கொடுத்த பணத்தை மற்றொரு நகரில் வேறொரு நாணயத்திற் பெற்றுக்கொள்ளும் உண்டியல் முறையில், மாற்று விகிதத்துக்குள் வட்டி ஒளிந்துகொண்டது. விலக்கு விதித்த திருச்சபையின் பணமே இவ்வங்கியின் வழியாகத்தான் புரண்டது. நெடுங்காலம் வங்கியின் இலாபத்திற் பெரும்பங்கு ரோமாபுரியிலிருந்தே வந்தது.

ஆனால், வங்கிக்கு முன்பே புளோரன்ஸைச் செல்வ நகராக்கியது கம்பளித் துணி. அதை உணர, நகராட்சி நடந்த சிஞ்ஞோரியா மாளிகையின் முன்னுள்ள பெருஞ்சதுக்கத்துக்குப் போகவேண்டும். ஆட்டுரோமத்தைக் கழுவி, அடித்து, சிக்கெடுத்துச் சீவும் கூலியாட்களைச் சியொம்பி என அழைத்தனர். தமக்கெனச் சங்கம் அமைக்கும் உரிமை அவர்களுக்கு இல்லை. கூலியை நிர்ணயித்தவரும், குற்றம் சாட்டியவரும், தண்டித்தவரும் முதலாளிகளின் கம்பளிச் சங்கத்தாரே. 1378ஆம் ஆண்டு ஜூலையில் இம்மக்கள் கிளர்ந்தெழுந்து அந்த மாளிகையைக் கைப்பற்றினர். மிக்கேலே டி லாண்டோ என்ற கம்பளித் தொழிலாளி நகரின் தலைமைப் பதவியில் அமர்த்தப்பட்டான். உழைப்பாளருக்கென மூன்று புதிய சங்கங்கள் தோன்றின. ஆறு வாரம் கழியுமுன்னரே எல்லாம் முடிந்தது. சியொம்பிகளை அடக்கும் அணியில் மிக்கேலேயே சேர்ந்துகொண்டான். ஆகஸ்ட் மாத இறுதியில் அவர்கள் அதே சதுக்கத்தில் முறியடிக்கப்பட்டனர். அவர்களது சங்கம் கலைக்கப்பட்டது.

அவ்வாண்டின் முற்பகுதியில், பழம்பெருங்குடியினருக்கு எதிராகச் சட்டம் கொண்டுவந்து கிளர்ச்சிக்கு வாயில் திறந்தவன் சல்வெஸ்த்ரோ என்ற மெடிச்சி. ஜியோவன்னிக்கு அவன் தூரத்து உறவினன். மெடிச்சியர் மக்களின் நண்பர் என்ற பெயர் அன்று எழுந்தது; பின்வந்தோர் அப்பெயரைக் குடும்பச் சொத்தைப்போற் பேணிக்கொண்டனர். ஜியோவன்னியின் மகன் கொசிமோ, 1433இல் நாடுகடத்தப்பட்டு 1434இல் திரும்பியபின், முடியும் சூடாமல் பட்டமும் பெறாமல் முப்பது ஆண்டுகள் நகரை ஆண்டான். அதன் சூட்சுமம் எளியது. குடியரசின் பதவிகளுக்கு உரியவர்களைப் பைகளில் இட்ட பெயர்ச்சீட்டுகளிலிருந்து குலுக்கி எடுப்பது வழக்கம். எந்தச் சீட்டுகள் பைக்குட் செல்லவேண்டும் என்பதை அவனுடைய ஆட்கள் தீர்மானித்தனர். குடியரசின் வடிவம் சிறிதும் குலையவில்லை, உயிர்தான் போயிற்று.

1444இல் தொடங்கப்பட்ட அவனுடைய மாளிகையின் சிற்றாலயத்தில் பெனொத்சோ கொத்சோலி 1459இல் தீட்டத் தொடங்கிய சுவரோவியம், வண்ணம் மங்காமல் இன்றும் கண்ணைப் பறிக்கிறது. குழந்தை இயேசுவைத் தரிசிக்கச் செல்லும் ஞானியரின் ஊர்வலத்தில் மெடிச்சியர் தாமும் குதிரையேறிச் செல்கின்றனர். வெனிஸ் நகரில் விலைகொடுத்து வாங்கப்பட்ட மதலேனா என்ற செர்க்காசிய அடிமைப்பெண் கொசிமோவின் இல்லத்தில் வாழ்ந்து அவனுக்குக் கார்லோ என்ற மகனைப் பெற்றாள் என்பது அவ்வோவியத்தின்முன் நிற்கையில் நினைவுக்கு வருகிறது.

இதே மாளிகையில் ஒருகாலத்தில் நின்ற டொனதெல்லோவின் வெண்கலச் சிலையைச் சிஞ்ஞோரியாச் சதுக்கத்திற் கண்டேன். கொடிய படைத்தலைவனின் தலையைக் கொய்ய வாளோங்கி நிற்கும் யூதித்து என்ற விதவையின் உருவம் அது. 1494இல் மெடிச்சியர் நகரைவிட்டுத் துரத்தப்பட்டனர். மறு ஆண்டு குடியரசினர் அச்சிலையை எடுத்துவந்து, நகர மாளிகையின் வாயிலில் நிறுத்தினர்; பொதுநலம் காக்கும் முன்மாதிரியாகக் குடிமக்கள் இதனை நிறுவினர் என்ற கருத்தமைந்த வாசகத்தையும் அதிற் பொறித்தனர். சதுக்கத்தில் இன்றிருப்பது பிரதியே. மூலச்சிலை மாளிகைக்குள்ளே இருக்கிறது. சிலையை வார்ப்பிக்கப் பணம் கொடுத்தவன் ஒருவன். அதற்குப் பொருள் கொடுத்தவர் வேறொருவர். புரவலனின் பணத்திற் பிறந்த கலை அவனுக்கே எதிராகப் பேசவும் கூடும் என்பதை அங்கே கற்றேன்.

மைக்கலாஞ்சலோவின் வாழ்விலும் இம்முரண் உண்டு. சிறுவயதிலேயே மெடிச்சியரின் ஆதரவிற் பயின்றவன் அவன். எனினும், மெடிச்சியைச் சேர்ந்த பாப்பரசர் ஏழாம் கிளெமென்ட்டும் பேரரசன் ஐந்தாம் சார்ள்ஸும் சேர்ந்து 1529இல் நகரை முற்றுகையிட்டபோது, குடியரசின் அரண்களை அமைக்கும் பொறுப்பை ஏற்றான். 1530 ஆகஸ்டில் நகரம் வீழ்ந்தது, அவன் ஒளிந்துகொண்டான். பாப்பரசர் அவனை மன்னித்தார். சான் லொரென்சோவில் மெடிச்சியரின் சமாதி வேலையைத் தொடர்வதே மன்னிப்பின் விலை. அச்சமாதி மண்டபத்தின் அடியில், கரி சேமித்துவைக்கும் ஒடுங்கிய அறையொன்று 1975இற் கண்டறியப்பட்டது. அதன் சுவர்ச் சாந்தை நீக்கியபோது கரிக்கட்டியால் வரைந்த மனித உருவங்கள் வெளிப்பட்டன. அவன் ஒளிந்திருந்த இடம் அதுவே என்பர் சிலர். வரைபுகள் எல்லாம் அவனுடையனவா என்பதில் அறிஞரிடையே ஒருமைப்பாடு இல்லை. 2023 நவம்பர் முதல் நால்வர் நால்வராகப் பார்வையாளரை அனுமதிக்கின்றனர். மேலே சலவைக்கல்லிற் பகலும் இரவும், மாலையும் வைகறையும் துயர் கப்பிய முகத்துடன் சாய்ந்திருக்கின்றன. வெற்றிபெற்ற குடும்பத்தின் சமாதியில் வெற்றியின் களிப்பை நான் காணவில்லை.

மெடிச்சியரின் மீது வெறுப்புற்றுத் திரும்பினேன் என வாசகர் கருதவேண்டாம். செல்வர் எல்லா நாட்டிலும் இருந்தனர். எல்லோரும் புருனெல்லெஸ்கியை இனங்காணவில்லை. சான் மார்க்கோ மடத்தில் கொசிமோ அமைத்த நூல்நிலையம் வெளியாருக்கும் திறந்திருந்தது. அக்குடும்பத்தின் இறுதி வாரிசான ஆன்னா மரியா லுயீசா 1737இற் செய்த உடன்படிக்கையில், தம் முன்னோர் சேர்த்த கலைச்செல்வம் பொதுமக்களின் பயனுக்காகப் புளோரன்ஸிலேயே இருக்கவேண்டும் என விதித்தாள். 1743இல் அவள் இறந்தாள். 1769இல் உஃபீத்சி கலைக்கூடம் பொதுமக்களுக்குத் திறக்கப்பட்டது. இவற்றை மறைப்பது நேர்மையன்று. கம்பளி சீவிய கைகளை மறைப்பதும் அவ்வாறே நேர்மையன்று.

புறப்படும் நாளன்று, சியொம்பிகளின் பெயர் தாங்கிய சதுக்கத்தைத் தேடிச் சென்றேன். அங்கே தூண்கள் வரிசையிட்ட மண்டபமொன்று நிற்கிறது. முதலாம் கொசிமோ பிரபு, மீன் விற்போருக்காக வசாரியைக் கொண்டு 1568இல் வேறோரிடத்திற் கட்டுவித்தது அது. இருபதாம் நூற்றாண்டில் இங்கே பெயர்த்து நிறுத்தினர். தொழிலாளரின் சதுக்கத்திலும் கண்ணிற் படுவது மெடிச்சியின் கட்டடமே. அதன் நிழலில் முதியவர் சிலர் அமர்ந்து பேசிக்கொண்டிருந்தனர். நானும் சற்றுநேரம் அங்கே அமர்ந்திருந்தேன்.